பள்ளி நூலகத்தில் கோஹா: பதிவேட்டிலிருந்து பார்கோடு வரை

சீர்காழிப் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் நூலகப் பொறுப்பைப் பார்க்கும் ஆசிரியர்களோடு சேர்ந்து, உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் நூலகத்தை கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் வழியாகக் கணினிக்கு மாற்றினோம். அந்த வேலையையே பயிற்சியாக வைத்துக்கொண்டோம். சனிக்கிழமைகளிலும் தேர்வு விடுமுறைகளிலும் கூடினோம், ஒரு கல்வியாண்டு ஓடிவிட்டது. வேறு ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, என்ன செய்தோம், எது மக்கர் பண்ணியது, எதை எப்படிச் சரி செய்தோம் என்று எழுதி வைக்கிறேன்.

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன். எங்களுக்குத் தனி அறை, தனிப் பணியிடம், பட்ஜெட் எல்லாம் உண்டு. பள்ளிகளில் நிலைமை வேறு. பெரும்பாலான பள்ளிகளில் நூலகர் என்று ஒருவர் கிடையாது; தமிழாசிரியரோ வரலாற்று ஆசிரியரோ பாடவேளைகளுக்கு நடுவே கூடுதல் பொறுப்பாக பீரோச் சாவியை வைத்திருப்பார். இவர்களில் சிலர் ஏற்கெனவே கணினிப் பயிற்சிகளுக்குப் போய்வந்தவர்கள்தான். புரொஜக்டரில் மென்பொருளின் திரைகளை ஒன்றொன்றாகக் காட்டுவார்கள், மாலையில் சான்றிதழ் கொடுப்பார்கள், பள்ளிக்குத் திரும்பியதும் அதைச் செய்துபார்க்க எதுவும் இருக்காது. ஒரு டீச்சர் சொன்னார்: "சார், அங்க காட்டின லைப்ரரியில எல்லா புக்குக்கும் ஐ.எஸ்.பி.என். இருந்துச்சு. எங்க லைப்ரரியில பாதி புக்குக்கு அட்டையே இல்ல." ஐ.எஸ்.பி.என். என்பது நூலின் அட்டையில் அச்சாகியிருக்கும் சர்வதேச எண்.

அதனால் மாதிரித் தரவு எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பள்ளியின் சொந்தப் பதிவேடு, பள்ளியின் சொந்தக் கணினி, விசைப்பலகையில் ஆசிரியர்களின் விரல். நான் மவுஸைத் தொடுவதில்லை என்பது முதல் நாளே போட்ட விதி. மெதுவாகத்தான் நகரும், பரவாயில்லை. எந்த மெனுவில் எதைச் சொடுக்குவது என்பதெல்லாம் அடுத்த பதிப்பில் மாறிவிடும். தமிழில் சுத்தமாகத் தட்டச்சு செய்த ஒரு பட்டியலும், பேக்கப்பைத் தன் கையால் மீட்டெடுத்துப் பார்த்த அனுபவமும் மாறாது. பள்ளி நூலகருக்கு வேண்டிய கணினித் திறன் இந்த இரண்டும்தான் என்று நான் நம்புகிறேன். கீழே உள்ளதெல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

மென்பொருள் கோஹா. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற மாவட்டத்தின் நூலக அறக்கட்டளைக்காக 1999-ல் எழுதத் தொடங்கி, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. கட்டற்ற மென்பொருள், ஒரு பைசா செலவில்லை. மத்திய அரசின் தேசிய தகவலியல் மையமான என்.ஐ.சி.யின் நூலக மென்பொருள் இ-கிரந்தாலயாவும் நல்ல தேர்வுதான், ஆனால் அதன் புதிய பதிப்பு இணையம் வழியே இயங்குவது. இந்தப் பள்ளியின் இணைய இணைப்பு மழைக்காலத்தில் படுத்துவிடும். கோஹா என்றால் நூலகக் கணினியிலேயே இருக்கும், பக்கத்துக் கணினி அறையிலிருந்து பிரவுசரில் பார்த்துக்கொள்ளலாம், இணையம் இல்லாவிட்டாலும் இஷ்யூவும் ரிட்டர்னும் நிற்காது.

கணினி பழசு. 4 ஜி.பி. ராம் இருந்தது, ஒரு பள்ளிக்கு அது போதும். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டோம், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினோம், கோஹாவை அதன் தொகுப்புக் களஞ்சியத்திலிருந்து இறக்கினோம். ரவுட்டரில் அந்தக் கணினிக்கு ஒரே ஐ.பி. முகவரி நிலையாகக் கிடைக்கும்படி செய்தோம், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை மின்சாரம் போய்வந்ததும் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். நிறுவுவதற்கு இணையத்தில் நல்ல வழிகாட்டிகள் நிறைய இருப்பதால் இங்கே அதை விவரிக்கவில்லை.

சரி, தட்டச்சு. எல்லா ஆசிரியர்களும் செல்போனில் தமிழில் வேகமாக எழுதுகிறவர்கள். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறை, அல்லது பேசினால் எழுதிக்கொள்ளும் முறை. கணினி முன்னால் உட்கார்ந்தால்தான் கை தயங்கும். பழக்கத்தில் இருப்பதை விட்டுவிட வேண்டாம் என்று, முதலில் போனில் பேசியே நூல் பெயர்களை ஒரு பொது விரிதாளில் ஏற்றச் சொன்னேன். ஒருவர் பதிவேட்டை வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க, பக்கங்கள் மளமளவென்று நகர்ந்தன. பெயர்ச்சொற்களில்தான் குரல் தட்டச்சு தடுக்கிவிழும். ஆசிரியர் பெயரும் பதிப்பகப் பெயரும் கையால்தான் அடிக்க வேண்டும். அதற்குத் தமிழ்99 பழகினார்கள். 1999-ல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய விசைப்பலகை அது, உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். க-வை இரண்டு முறை தட்டினால் க்க, ந-வும் த-வும் அடுத்தடுத்துத் தட்டினால் ந்த, புள்ளி தானாக விழும். தமிழாசிரியர்களுக்கு இது சட்டென்று பிடித்துப்போனது, இன எழுத்தும் இரட்டிப்பும் அவர்கள் தினமும் நடத்துகிற பாடம்தானே.

பதிவேட்டின் ஒரு பகுதி ஏற்கெனவே எக்ஸெல்லில் இருந்தது. பல வருடங்களுக்கு முன்னால் டைப்பிங் சென்டரில் கொடுத்து அடித்து வாங்கியது. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலந்து குப்பையாகத் தெரிந்தது, வானவில் அவ்வையார் எழுத்துருவில் அடித்த கோப்பு அது. எழுத்துருவை நிறுவினால் தமிழ் தெரியும், ஆனால் தேடலுக்கோ வரிசைப்படுத்தலுக்கோ உதவாது, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறைக்கு மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்கு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில். ஒரே நெடுவரிசையில் தமிழ் நூல்களும் ஆங்கில நூல்களும் கலந்திருந்தன. மொத்தமாக மாற்றினால் தமிழ் சரியாகும், ஆங்கிலத் தலைப்புகள் எல்லாம் தமிழ் எழுத்தில் பொருளில்லாத குவியலாகிவிடும்.

இதற்கு எக்ஸெல்லிலேயே வழி இருந்தது. தேடல் பெட்டியில் ஆப்ஷன்ஸைத் திறந்தால் ஃபார்மேட் என்று ஒரு பொத்தான் வரும். அதில் எழுத்துருவின் பெயரை மட்டும் கொடுத்து, தேடும் சொல்லைக் காலியாக விட்டு, ஃபைண்ட் ஆல் அழுத்தினால் அந்த எழுத்துருவில் உள்ள கட்டங்கள் மட்டும் கீழே பட்டியலாக வரும். பட்டியலில் ஒன்றைச் சொடுக்கி கன்ட்ரோல்-ஏ கொடுத்தால் அத்தனையும் ஒன்றாகத் தேர்வாகும். மஞ்சள் அடித்தோம். அப்புறம் நிறத்தை வைத்து ஃபில்டர் செய்து, மஞ்சளை மட்டும் தனித் தாளுக்கு எடுத்து மாற்றி, பதிவு எண்ணை வைத்து மறுபடி சேர்த்தோம். இதைச் செய்துமுடித்த வரலாற்று ஆசிரியர் பள்ளியின் சம்பளப் பட்டியல் கோப்பிலும் இதே முறையைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பயிற்சி ஒட்டிக்கொண்டது என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

இனி, இந்த வேலையிலேயே அதிக நேரம் பிடித்த விஷயம். மாற்றி முடித்த பட்டியலில் ஒரு டீச்சர் பாரதியார் என்று தேடினார். ஏழெட்டு வரிகள்தான் வந்தன. பீரோவில் ஒரு தட்டு முழுக்க இருக்கிறது என்று அவருக்கே தெரியும். பட்டியலைக் கையால் நகர்த்திப் பார்த்தால் மற்ற வரிகளும் இருக்கின்றன, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டு கட்டங்களையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றின் கடைசியிலும் கர்சரை நிறுத்தி பேக்ஸ்பேஸ் விசையை மெதுவாக அழுத்தச் சொன்னேன். முதல் கட்டத்தில் புள்ளி போனது, ர நின்றது. இரண்டாவதிலும் புள்ளி போனது, ஆனால் அங்கே மிஞ்சியது ர இல்லை, துணைக்கால். அதாவது ஒன்றில் இருந்தது பாரதியார். இன்னொன்றில் யா-வுக்குப் பிறகு ர-வுக்குப் பதில் இன்னொரு கால் போட்டு அதன்மேல் புள்ளி வைத்திருந்தது, பாரதியாா். அச்சிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். பழைய தட்டச்சுப் பழக்கத்திலும் சில மாற்றிகளின் வழியாகவும் இது இன்னமும் வந்துகொண்டே இருக்கிறது, செய்தித்தளங்களில்கூட ஆசிரியா், அவா்கள் என்று சர்வசாதாரணமாகக் கிடக்கும்.

பேக்ஸ்பேஸ் சோதனை பிடிபட்டதும் ஆசிரியர்களே வேட்டையில் இறங்கிவிட்டார்கள். அடுத்து அகப்பட்டது ஔ. ஔவையார் என்பதை ஒ போட்டு, பக்கத்தில் ள போட்டு ஒளவையார் என்று அடித்திருந்தார்கள். ஔ என்றால் பேக்ஸ்பேஸ் ஒரு முறை அழுத்தினாலே முழு எழுத்தும் போய்விடும். ஒள என்றால் ள மட்டும் போய் ஒ நிற்கும். இதே கோளாறு கொம்போடும் உண்டு: மௌனம் என்பது மெளனம் ஆகியிருந்தது, பௌர்ணமி பெளர்ணமி ஆகியிருந்தது, கௌதமர், வௌவால், சௌந்தரம் எதுவும் தப்பவில்லை. கொ-வை ஒரே குறியாக அடிப்பதற்கும் கொம்பும் காலும் தனித்தனியாக அடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை யூனிகோடு விதி ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது, பல மென்பொருள்கள் அதைத் தாமே சமன் செய்துவிடும். ள விஷயம் அப்படியில்லை. ள ஒரு தனி எழுத்து, எந்த மென்பொருளும் அதைத் தானாக ஔ ஆக்காது.

திருத்துவதில் இரண்டு வகையையும் பிரித்து நடத்த வேண்டும். காலுக்குமேல் புள்ளி என்பது தமிழில் எந்த இடத்திலும் சரியாக வராது, காலுக்கு அடுத்து ி வருவதும் அப்படியே. அதனால் ா் என்பதை ர் ஆகவும், ாி என்பதை ரி ஆகவும், ாீ என்பதை ரீ ஆகவும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம். ெள-வை அப்படி மாற்றினால் ஆபத்து. தெளிவு, வெள்ளம், வெளி எல்லாவற்றிலும் அந்த வரிசை நியாயமாகவே இருக்கிறது. லிப்ரே ஆபீஸில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வரிசையின் வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) வைத்து, ள-வுக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் பிடித்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்றினோம். கணினி ஆளைவிடத் தமிழ் வாத்தியார் இங்கே வேகம். எந்தச் சொல் எது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

எழுத்து சுத்தமான பிறகு பெயர்கள். மு.வ., மு.வரதராசன், டாக்டர் மு.வரதராசனார், வரதராசன் மு. என்று ஒரே மனிதர் நாலைந்து ஆளாகப் பட்டியலில் நின்றார். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவசக் கருவியில் ஆசிரியர் நெடுவரிசையை டெக்ஸ்ட் ஃபேசெட் போட்டால், எந்தப் பெயர் எத்தனை முறை என்று ஒரே பட்டியலாக ஓரத்தில் வரும். ஒன்றைத் திருத்தினால் அந்தப் பெயர் உள்ள எல்லா வரிகளும் சேர்ந்து திருந்தும். எந்த வடிவத்தை வைத்துக்கொள்வது என்று கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. பெயர் முன்னால், தலைப்பெழுத்து பின்னால் என்று முடிவாயிற்று: வரதராசன், மு. அகர வரிசையில் தலைப்பெழுத்தை வைத்து அடுக்கினால் மாணவர்களுக்குப் பயனில்லை. டாக்டர், பேராசிரியர், கவிஞர், மகாகவி ஆகிய அடைமொழிகளை எல்லாம் எடுத்துவிட்டோம். இந்த முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதி நூலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், புதிதாகப் பதிகிறவர் அதைப் பார்த்து அடித்தால் போதும்.

அடுத்தது பதிவு எண். கோஹாவில் பார்கோடு எண் ஒவ்வொரு பிரதிக்கும் தனியாக இருந்தாக வேண்டும், ஒரே எண் இரண்டு பிரதிக்கு வந்தால் இரண்டாவதை உள்ளே விடாது. இந்தப் பள்ளி 1978-ல், தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்த வருடத்தில், மேல்நிலையாக உயர்ந்தது. அப்போது மேல்நிலைக்குத் தனிப் பதிவேடு போட்டு 1-லிருந்து மறுபடி எண் கொடுத்திருக்கிறார்கள். ஆக, ஆயிரக்கணக்கான எண்கள் இரட்டை. பழைய எண்ணை அழித்து எல்லாவற்றுக்கும் புது எண் தரலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தணிக்கைக்கு வருபவர் கேட்பது பதிவேட்டில் உள்ள எண்ணைத்தான், நூலின் முத்திரைக்குள் மையால் எழுதியிருப்பதும் அதுதான். உயர்நிலைப் பதிவேட்டுக்கு முன்னால் 1, மேல்நிலைக்கு 2 என்று ஓர் இலக்கம் சேர்த்து, மீதியை ஐந்து இலக்கமாக நிரப்பினோம். 100345 என்றால் உயர்நிலைப் பதிவேட்டின் 345.

முன்னால் எழுத்துக்குப் பதில் எண் போட்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. யு.எஸ்.பி. ஸ்கேனர் தன்னை ஒரு விசைப்பலகை என்றுதான் கணினியிடம் அறிமுகம் செய்துகொள்கிறது. பார்கோடில் ஆங்கில எழுத்து இருந்து, கணினியில் அந்த நேரம் தமிழ்99 இயங்கிக்கொண்டிருந்தால், ஸ்கேனர் அனுப்பும் எழுத்தும் தமிழாக மாறிப் பெட்டியில் விழும். இலக்கங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து அதில் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். எண் அங்கே சரியாக விழுந்தால் ஸ்கேனர் நன்றாக இருக்கிறது, கர்சர்தான் கோஹாவில் வேறு பெட்டியில் நிற்கிறது.

பார்கோடு லேபிளை பின்னட்டையில் ஒட்ட வேண்டாம். பள்ளி நூல்களில் முதலில் கிழிவது அட்டைதான், பைண்டிங்குக்குப் போனால் லேபிளும் போய்விடும். உள்ளே, பதிவு முத்திரை இருக்கும் பக்கத்திலேயே ஒட்டினோம். லேபிளை லேசர் பிரிண்டரில் எடுங்கள். இங்க்ஜெட்டில் எடுத்தது ஈரக் கை பட்டதும் இழுகிக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகிறது. மேலே செல்லோடேப் ஒட்டுவதும் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகி உரியும்போது தாளையும் சேர்த்துக்கொண்டு வரும்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் பக்கத்து அரசுப் பள்ளிகளில் நிறைய இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகள். அந்தப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் கோஹாவில் இவற்றை நான்கு தொகுப்புகளாகவே பதிந்தார்கள். சில பக்கங்களே உள்ள புத்தகத்துக்கு முழு விவரம் எல்லாம் தேவையில்லை, பெயரும் நிலையும் பிரதியும் போதும். குழந்தை கேட்பது அதைத்தான். பெரிய நூல்களுக்கு, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூவி எண் கொடுத்தோம், தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழி 494.811. ஆங்கில நூல்களுக்கு ஐ.எஸ்.பி.என். அடித்தால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து முழுப் பதிவும் கோஹாவுக்குள் இறங்கிவிடும், பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. தமிழ் நூல்களுக்கு அந்த வழி பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அங்கே தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் பதிவாகியிருக்கும், நம் மாணவர் தமிழில் தேடினால் அகப்படாது. அதனால் தமிழுக்கு நம் பட்டியல்தான் மூலம், அதைச் சுத்தமாக வைத்தாக வேண்டியது நாம்தான்.

எக்ஸெல்லிலிருந்து கோஹாவுக்குக் கொண்டுபோக மார்க்எடிட் என்ற கருவியைப் பயன்படுத்தினோம். எந்த நெடுவரிசை எந்தப் புலத்துக்கு என்று ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் மொத்தத்தையும் மார்க் (நூல் விவரங்களுக்கு நூலகங்கள் பயன்படுத்தும் பொது வடிவம்) பதிவுகளாக்கித் தரும். ஆசிரியர் 100, தலைப்பு 245, பதிப்பகம் 260, பிரதியின் விவரங்கள் எல்லாம் 952. இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். எக்ஸெல்லில் சாதாரண சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும், யூ.டி.எஃப்-8 என்று போட்டிருக்கும் சி.எஸ்.வி.யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்கள் உள்ள நெடுவரிசைகளை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று குறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கிவிடும், 3-4 என்று எழுதியிருந்தால் அதை ஏப்ரல் 3 ஆக்கிவிடும்.

கோஹாவில் பதிவுகள் முதலில் ஒரு முன்னறைக்கு வரும், அங்கே பார்த்துவிட்டுத்தான் கேட்லாகுக்குள் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் அந்தத் தொகுதி முழுவதையும் திரும்ப எடுக்கும் வசதி இருக்கிறது. ஆசிரியர்களிடம் முதலில் கற்றுக்கொடுத்தது இந்தத் திரும்ப எடுப்பதைத்தான். ஐம்பது நூல்களை ஏற்று, பார், எடு, மறுபடி ஏற்று. எதையும் கெடுத்துவிட மாட்டோம் என்று கைக்குத் தெரிந்த பிறகு பயம் போய்விட்டது. ஏற்றி முடிந்ததும் வரும் அறிக்கையில், பார்கோடு இரட்டிப்பதால் விடப்பட்ட பிரதிகள் இத்தனை என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை பட்டியலையும் பீரோவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

எல்லாம் ஏறிய பிறகு தேடினால் ஆங்கிலம் வந்தது, தமிழ் சரியாக வரவில்லை. இது கோஹாவுக்குத் தமிழில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம். கோஹாவின் தேடலைப் பார்த்துக்கொள்ளும் ஜீப்ரா, முன்னிருப்பாக ரோமன் எழுத்துகளை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. அதன் அமைப்புக் கோப்பில் சொற்களைப் பிரிக்கும் வேலையை, பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐ.சி.யு. என்ற நிரல் தொகுப்புக்கு மாற்றிக்கொடுத்து, கோஹாவின் அமைப்பிலும் ஐ.சி.யு. பயன்படுத்துகிறோம் என்று குறித்து, அட்டவணை முழுவதையும் புதிதாகக் கட்டச் சொல்ல வேண்டும். கட்டி முடிந்ததும் ஔவையார் என்று அடித்தார் அந்த டீச்சர். வரிசையாக வந்தது. எழுத்துகளை முன்பே சுத்தம் செய்யாமல் இதை மட்டும் செய்திருந்தால் பாதிதான் வந்திருக்கும்.

மாணவர் பட்டியலுக்கு, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸின் கோப்பை அப்படியே ஏற்றிவிடலாமே என்று கேட்டார்கள். அதில் சாதி, ஆதார், பெற்றோர் வருமானம், போன் எண் எல்லாம் இருக்கிறது. புத்தகம் கொடுக்க இது எதுவும் வேண்டாம். பெயர், வகுப்பு, பிரிவு, சேர்க்கை எண், அவ்வளவுதான் எடுத்தோம், மூலக்கோப்பை அந்தக் கணினியிலிருந்து அழித்தோம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தையாகத்தான் பார்க்கிறது; சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு பிள்ளையின் சாதியும் வருமானமும் நூலகக் கணினியில் இருக்க வேண்டிய காரணமே இல்லை. எந்தப் பிள்ளை என்ன படித்தது என்ற பழைய வரலாற்றையும் வருட முடிவில் பெயர் நீக்கி வைக்கும்படி அமைத்திருக்கிறோம். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி உடல்நலம் பற்றிய புத்தகம் எடுத்தால் அது அவளோடு இருக்கட்டும்.

பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு சார் போன் செய்து, ஒரு புத்தகம்கூட இஷ்யூ ஆகவில்லை, அளவுக்குமேல் எடுத்துவிட்டதாகச் சொல்கிறது என்றார். இஷ்யூ விதிகளை நிரப்பாமல் விட்டால் கோஹா அனுமதியைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். மாணவருக்கு எத்தனை, எத்தனை நாள் என்று ஒரு வரி போட்டதும் சரியாயிற்று.

அடுத்த கோளாறு ஒரு திங்கள்கிழமை. காலையில் இஷ்யூ செய்த நூல்களின் கெடுதேதி இருக்க வேண்டியதைவிட முன்னால் இருந்தது. கணினியின் கடிகாரத்தைப் பார்த்தால் அது இன்னும் வெள்ளிக்கிழமை மாலையில் நின்றது. மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. வார இறுதியில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவதால் வன்பொருள் கடிகாரம் மறந்துபோகிறது. லினக்ஸ் தான் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்தை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறது. இணையம் இருந்திருந்தால் தானாகத் திருத்திக்கொண்டிருக்கும், அன்றைக்கு இணையமும் இல்லை. வருடம் தாறுமாறாக மாறியிருந்தால் உடனே கண்ணில் படும், இரண்டு மூன்று நாள் வித்தியாசம் சுலபமாகத் தப்பிவிடும். சி.ஆர். 2032 பேட்டரி எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். டீச்சரே கேபினட்டைத் திறந்து மாற்றினார். காலையில் முதல் வேலை தேதியைப் பார்ப்பது என்பது இப்போது சுவரில் ஒட்டிய தாளில் முதல் வரி.

கடிகாரத்தைப் பார்க்கப்போய் பேக்கப்பையும் பார்த்தோம். கோஹா தினமும் தானாக பேக்கப் எடுக்கும் என்று எல்லா வழிகாட்டியிலும் எழுதியிருக்கும். உண்மைதான், ஆனால் அந்தத் தினசரி வேலை டெபியனில் காலை 6:25-க்கு ஓடும்படி வைக்கப்பட்டிருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும் சர்வரை நினைத்துச் செய்தது அது. பள்ளிக் கணினியை ஒன்பதரை மணிக்குத் திறப்பார்கள். பேக்கப் அடைவு (ஃபோல்டர்) காலியாக இருந்தது. அனாக்ரான் என்ற சிறு நிரலை நிறுவினால், தவறவிட்ட வேலையைக் கணினி எழுந்த பிறகு ஓட்டிவிடும். பள்ளியில் கோஹா வைத்திருப்பவர்கள் இன்றே அந்த அடைவைத் திறந்து, உள்ளே இருக்கும் கோப்பின் தேதியைப் பாருங்கள்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது என்பதால், பென்டிரைவில் எடுத்ததை வேறொரு கணினியில் புது டெபியன் போட்டு ஆசிரியர்களே மீட்டெடுத்தார்கள். கட்டளைகளை நான் சொல்லவில்லை, அவர்கள் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் அடித்தார்கள். நோட்டில் விடுபட்டிருந்த ஒரு வரி அப்போதுதான் தெரிந்தது, சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு பென்டிரைவ்கள், ஒன்று நூலகத்தில், ஒன்று எச்.எம். அறையில், வெள்ளிக்கிழமைதோறும் மாற்றிக்கொள்வது. கடவுச்சொற்கள் ஒட்டிய உறையில் எச்.எம். பீரோவில்.

இந்த நோட்டுக்கு மே மாதமே வேலை வந்தது. குழுவில் இருந்த அரசுப் பள்ளி டீச்சர் ஒருவர் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். அவர் இடத்துக்குப் பொறுப்பேற்ற கணித ஆசிரியர் கோஹாவைப் பார்த்ததே இல்லை. நோட்டை வைத்துக்கொண்டு இஷ்யூ, ரிட்டர்ன், பேக்கப் மூன்றையும் அவரே ஓட்டினார். பேக்ஸ்பேஸ் சோதனையை மட்டும் பழைய டீச்சர் வீடியோ அழைப்பில் காட்டினார். இன்னொரு பள்ளி நிர்வாகம் இ-கிரந்தாலயாதான் வேண்டும் என்று முடிவெடுத்தது. அவர்களிடமும் சுத்தம் செய்த அதே விரிதாள்தான் போனது, திருத்தி வைத்த எழுத்தும் பெயர்களும் அப்படியே கூடவே போயின.

மேல்நிலைப் பதிவேட்டில் இன்னும் கொஞ்சம் லேபிள் ஒட்ட வேண்டியிருக்கிறது. காலாண்டுத் தேர்வு விடுமுறையில் அதை முடித்துவிட்டு, ஸ்கேனரை வைத்து ஸ்டாக் வெரிஃபிகேஷன் செய்வதாகத் திட்டம். தட்டுத் தட்டாக ஸ்கேன் செய்து எண்களை ஒரு கோப்பில் ஏற்றினால், காணாமல்போன நூல்களின் பட்டியலை கோஹாவே தரும். இந்த முறை முழுவதையும் ஆசிரியர்களே நடத்துகிறார்கள், நான் போனில் மட்டும் இருப்பேன்.